தமிழ்க் குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்: முன்மேசைப் படிப்பை எங்கே படிப்பது என்று நீங்கள் சொல்லுங்கள்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கங்களில் கிளினிக் நடத்தும் தமிழ் டொக்டர்மாருக்கு,

வணக்கம்.

நான் ஸ்காபரோவில் ஒரு குடும்ப மருத்துவர் கிளினிக்கின் அலுவலகத்தைப் பொறுப்பாகப் பார்க்கிறவள். தொலைபேசி, நேரப்பதிவு, ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதிக்கு அனுப்பும் பில், பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். கிளினிக்கின் முன்மேசையில், அதாவது வரவேற்பு மேசையில், இருக்கும் மருத்துவ அலுவலக உதவியாளராவதற்கான படிப்புக்கு எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று என்னிடம் யாராவது கேட்டபடியே இருக்கிறார்கள். கோயிலில் கேட்கிறார்கள், கலியாண வீட்டில் கேட்கிறார்கள், பிரஷருக்கு மருந்து எழுதிக்கொண்டு போக வந்த இடத்தில் மகளுக்காகக் கேட்கிற அம்மாமாரும் உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் ஒரு கிளினிக்கில் இருந்து நான் ஒருத்தி சொல்வது போதாது. நீங்கள் எல்லாரும் வாய் திறந்து சொல்ல வேண்டிய விஷயம் இது. அதனால்தான் இந்த மடலைக் கல்லூரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இந்த வேலைக்கு லைசென்ஸ் கிடையாது. நேர்ஸ் என்றால், மருந்தாளர் என்றால், பதிவு செய்துகொள்ள வேண்டிய ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. என்ன படித்திருக்க வேண்டும், எந்தப் பரீட்சையில் தேற வேண்டும் என்று அது சொல்லிவிடும். முன்மேசையில் இருக்கிற உதவியாளருக்கு அப்படி எந்த அமைப்பும் இல்லை. ஆகவே ஒரு சான்றிதழுக்கு என்ன பெறுமதி என்பதை வேலைக்கு ஆள் எடுக்கிற நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். எந்தக் கல்லூரியில் இருந்து வருகிற பிள்ளை முதல் வாரத்திலேயே கை கொடுக்கும், எங்கிருந்து வருகிற பிள்ளைக்கு எல்லாம் தொடக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கும் உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அது கிளினிக்குக்கு வெளியே வருவதில்லை. படிக்கப் போகிறவருக்குக் கிடைப்பது வானொலி விளம்பரமும் பிளாஸா வாசலில் தொங்கும் பதாகையும்தான்.

சேர்கிறவர்கள் யாரென்று பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வேலை தேடுகிற தாய்மார். தொழிற்சாலையில் நின்று நின்று முழங்கால் போனவர்கள். ஊரில் ஆசிரியராகவோ வங்கியிலோ இருந்துவிட்டு, அந்தப் படிப்புக்கு இங்கே மதிப்பில்லாமல் போனவர்கள். இவர்கள் கல்லூரியைத் தெரிவு செய்வது பஸ் போகிற வழியில் இருக்கிறதா, தமிழில் கதைக்க ஆள் இருக்கிறதா, மச்சாள் அங்கே படித்தாவா என்று பார்த்துத்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவருக்கு பஸ் வழி பெரிய விஷயம். ஆனால் பத்தாயிரம் டொலரைத் தாண்டக்கூடிய ஒரு செலவை அந்த மூன்று கேள்விகளோடு முடிவெடுப்பது, வேறு என்ன கேட்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால் நடப்பது.

என்ன கேட்க வேண்டும் என்பது இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் தானாகவே வந்துவிடும். உங்களுக்குத் தெரிந்த வேலைதான், ஆனால் முன்மேசையில் இருந்து பார்த்தால் அது எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் சொல்லவிடுங்கள்.

காலையில் கதவு திறந்ததும் தொலைபேசி தொடங்கும். ஒருவருக்கு நேரம் மாற்ற வேண்டும், இன்னொருவருக்கு மருந்து முடிந்துவிட்டது, மூன்றாவது ஆள் ஒரு வயதானவர், காலையில் இருந்து நெஞ்சுக்குள்ளே என்னவோ மாதிரி இருக்கிறது என்று மெல்லச் சொல்கிறார். அந்த மூன்றாவது ஆளை மற்றவர்களைப் போல வரிசையில் வைக்கக்கூடாது. எப்போது டொக்டரைக் கூப்பிட வேண்டும், எப்போது ‘911-க்கு இப்போதே அடியுங்கள்’ என்று சொல்ல வேண்டும் என்பதைப் பயிற்சி இல்லாதவர் ஊகித்துச் செய்ய முடியாது. நல்ல பாடநெறியில் இதை ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்துத் திரும்பத் திரும்பச் செய்துபார்ப்பார்கள். சில இடங்களில் இது கையேட்டில் ஒரு பக்கத்தோடு போய்விடுகிறது.

அப்புறம் ஹெல்த் கார்ட். பத்து இலக்கம், அதன் பின்னால் வேர்ஷன் எழுத்து. கார்ட் புதுப்பித்தபோது அந்த எழுத்து மாறியிருக்கும், நோயாளி பழைய கார்டை நீட்டுவார். அதைச் சரிபார்க்காமல் விட்டால் பில் திரும்பி வரும். திரும்பி வந்ததைப் பார்த்துத் திருத்தி மறுபடி அனுப்பத் தெரியாத ஆள் இருந்தால் அந்தப் பணம் வராமலே போகும். 2023 ஏப்ரலில் இருந்து ஓஹிப் பில்லை 3 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும், முன்பு 6 மாதம் இருந்தது. சாதாரணப் பரிசோதனைக்கு ஏ007, முழுப் பரிசோதனைக்கு ஏ003, நீரிழிவுக்கு 250, உயர் இரத்த அழுத்தத்துக்கு 401 என்று பில்லில் போடுகிற இலக்கங்களைப் பாடமாக்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நிராகரித்து வந்த பில்லை வைத்துக்கொண்டு ஏன் வந்தது என்று தேடுவதுதான் வேலை. வகுப்பில் இதைச் செய்திருக்கிறாயா என்று பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பேன். ‘பில்லிங் படித்தோம்’ என்பார்கள். திரும்பி வந்த பில்லைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

நோயாளிக் கோப்பு எல்லாம் இப்போது மென்பொருளில். மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான ஒஸ்கார் சில கிளினிக்குகளில் இருக்கிறது, ரெலஸின் பிஎஸ் சூட் சில இடங்களில், அக்யூரோ சில இடங்களில். ஒன்றில் நன்றாகப் பழகியவர் மற்றதைச் சில நாட்களில் பிடித்துக்கொள்வார். ஒன்றிலுமே கை வைக்காமல், படம் போட்டுக் காட்டியதை மட்டும் பார்த்தவருக்கு அப்படி வராது. ஆகவே கல்லூரியைக் கேட்க வேண்டியது, எந்த மென்பொருள், மாணவர் ஒவ்வொருவருக்கும் அதில் உள்நுழையக் கணக்கு உண்டா, எத்தனை மணி நேரம். கல்லூரிக்கு நேரில் போய், அந்தக் கணினி அறையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வரலாம். காட்ட மாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில்.

பாடம் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதும் கேட்க வேண்டியது. ஒன்ராறியோவில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை 2025 மார்ச்சில் பாப் பரிசோதனையில் இருந்து, அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுகிற எச்பிவி பரிசோதனைக்கு மாறிவிட்டது. மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் 2024 ஒக்டோபரில் இருந்து 40 வயதிலேயே பெண்கள் தாங்களாகவே பதிந்துகொள்ளலாம். நோயாளியைக் கூப்பிட்டு ‘அக்கா, உங்களுக்கு இந்தப் பரிசோதனை செய்யும் காலம் வந்துவிட்டது’ என்று சொல்வது உதவியாளர்தான். பழைய கையேட்டை வைத்துப் படித்தவர் பழைய விஷயத்தைச் சொல்வார்.

தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டியை மறந்துவிடக் கூடாது. 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்கிறதா என்று நாளுக்கு இரண்டு தடவை பார்த்து எழுதுகிற வேலை பெரும்பாலும் முன்மேசைக்காரருடையது. வெள்ளிக்கிழமை மாலையில் கதவைச் சரியாகச் சாத்தாமல் போனால் திங்கட்கிழமை அத்தனை ஊசியும் வீணாகிவிடலாம்.

அந்தரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சமூகம் சின்னது. காத்திருப்பு அறையில் இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். ‘அவவுக்கு என்னவாம்?’ என்று முன்மேசையில் வந்து கேட்பது எங்கள் ஆட்களுக்குப் பிழையாகவே தெரியாது, அன்பில்தான் கேட்கிறார்கள். அதற்கு முகம் கோணாமல் ஒன்றும் சொல்லாமல் அனுப்பப் பழக வேண்டும். 2004-ஆம் ஆண்டின் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரை மட்டும் எழுதவைத்து மதிப்பெண் கொடுத்தால் அந்தப் பழக்கம் வராது. 2014-இல் ஸ்காபரோவில் வெளியான விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மாரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், கல்விச் சேமிப்புத் திட்டம் விற்கிறவர்களுக்கு ஊழியர்கள் கொடுத்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். 2024-இல் இருந்து தகவல், அந்தரங்க ஆணையாளர் நேரடியாகவே தண்டம் விதிக்கலாம், தனி ஆளுக்கு 50,000 டொலர் வரை. தன் மச்சாளின் இரத்தப் பரிசோதனை முடிவை ஆவலில் திறந்து பார்ப்பதும் மீறல்தான் என்று படிக்கிற காலத்திலேயே ஒருவர் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. சில விளம்பரங்களில் உதவியாளர் ஊசி போடுவது போல, இரத்தம் எடுப்பது போலப் படம் இருக்கும். அமெரிக்காவில் மெடிக்கல் அசிஸ்டன்ட் என்ற வேலையில் அதெல்லாம் உண்டு. இங்கே தோலுக்கு அடியில் ஊசி ஏற்றுவது சுகாதாரத் தொழில்கள் பற்றிய 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட செயல், அதற்குச் சட்டப்படி உரிமை இல்லாத உதவியாளர், டொக்டர் முறைப்படி பொறுப்பை ஒப்படைத்தால்தான் செய்யலாம். இரத்தம் எடுக்க விருப்பம் என்றால் ஆய்வுகூட உதவியாளர் படிப்பு வேறாக இருக்கிறது. எந்த வேலைக்கு ஆசைப்படுகிறோம் என்று தெரியாமலேயே கையெழுத்து வைத்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். படித்து முடித்து முன்மேசைக்கு வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிகிறது.

சரி, வேலை இதுதான். இனிக் கல்லூரி.

ஒன்ராறியோவில் இப்படித் தொழில் சொல்லிக்கொடுக்கும் தனியார் கல்லூரிகளை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். கல்லூரி பதிவு செய்திருக்க வேண்டும், அதோடு அங்கே நடக்கிற ஒவ்வொரு பாடநெறிக்கும் தனியாக அனுமதி வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. கல்லூரி பதிவானதாக இருக்கும், ஆனால் உங்களைச் சேர்க்கிற பாடநெறிக்கு அனுமதி இருக்கிறதா என்று வேறாகப் பார்க்க வேண்டும். மாகாண அரசின் இணையத்தளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். மேற்பார்வையாளர் எந்தக் கல்லூரி மீது நடவடிக்கை எடுத்தார் என்பதும் அங்கேயே இருக்கிறது. எத்தனை வீதம் மாணவர்கள் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அதிலும் படித்த துறையிலேயே எத்தனை பேருக்கு என்ற கணக்கையும் மாகாணம் வெளியிடுகிறது. கடைசிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். கடையில் காசாளராகப் போனாலும் வேலை கிடைத்ததாகவே எண்ணப்படும், ஆனால் அதற்காகவா ஒருவர் மருத்துவச் சொற்களைப் பாடமாக்கினார்?

வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்யக் கல்லூரிக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ‘நூறு வீதம் வேலை’ என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வேன். எழுத்தில் தரமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பின்னும் 2 நாளுக்குள் மனம் மாறினால் எழுத்தில் அறிவித்து முழுப்பணத்தையும் திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு, வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் கல்லூரி பிடித்துக்கொள்ளக்கூடியது கட்டணத்தில் 20 வீதம் அல்லது 500 டொலர், இதில் எது குறைவோ அது. பாதிப் படிப்பைத் தாண்டிவிட்டால் திருப்பிக் கேட்க முடியாது. இவை எல்லாம் மாணவர் உரிமை அறிக்கை என்று ஒரு தாளில் இருக்கும், கல்லூரி அதை ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தர வேண்டும். இன்றைக்கே கையெழுத்து வைத்தால் கட்டணத்தில் கழிவு, நாளைக்கு இடம் இல்லை என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரவு பிள்ளைகள் தூங்கிய பின் ஆறுதலாக வாசியுங்கள். புத்தகம், சீருடை, மருத்துவச் சோதனை, முதலுதவிச் சான்றிதழ், பொலிஸ் பதிவுச் சான்று எல்லாம் கட்டணத்துக்குள் வருமா, வெளியேயா என்றும் அங்கே பார்க்க வேண்டும்.

பெரிய பெயர் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு எவரெஸ்ட் கல்லூரியின் கதையைச் சொல்லலாம். கலிபோர்னியாவின் கொறிந்தியன் கொலிஜஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஒன்ராறியோவில் 14 இடங்களில் நடந்தது, சுகாதார அலுவலகப் படிப்புகளும் அங்கே இருந்தன. 2015 பெப்ரவரி 19 அன்று மேற்பார்வையாளர் அதன் பதிவை நிறுத்திவைத்தார், 14 இடமும் ஒரே நாளில் மூடின. 2,400-க்கும் மேற்பட்ட மாணவர்கள் நடுவில் நின்றார்கள். ஊழியர்களுக்கும் முன்கூட்டித் தெரியாது. இங்கே பதிவான கல்லூரிகளிடம் கட்டணம் வாங்கிச் சேர்த்துவைத்த ஒரு பாதுகாப்பு நிதி இருக்கிறது. கல்லூரி மூடினால் மாணவர் வேறிடத்தில் படிப்பை முடிக்கவோ, பணத்தைத் திரும்பப் பெறவோ அதுதான் வழி. பதிவில்லாத இடத்தில் காசாகக் கொடுத்துச் சேர்ந்தவருக்கு அந்த நிதியில் ஒரு சதமும் இல்லை. அமெரிக்காவில் அதே நிறுவனத்தின் மாணவர்கள் பலர் ஏழு வருடம் கடனோடு இருந்தார்கள். 2022 ஜூனில்தான் 560,000 பேரின் 5.8 பில்லியன் டொலர் கடனை அந்த நாட்டு அரசாங்கம் தள்ளுபடி செய்தது.

அரசுக் கல்லூரிகளையும் மறக்கக் கூடாது. செண்டெனியல், செனெக்கா, ஜோர்ஜ் பிறவுண் போன்ற இடங்களில் சுகாதார அலுவலக நிர்வாகம் என்று இதே படிப்பு நடந்துவந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் அரசுக் கல்லூரிகள் பல பாடநெறிகளை நிறுத்தியிருக்கின்றன, ஆகவே இந்த முறை சேர்க்கை உண்டா என்று நேரே கேட்பது நல்லது. அங்கே காலம் கூடுதலாக எடுக்கும், வகுப்பு நேரமும் வீட்டுக்காரிக்குத் தோதாக இராது. தனியார் கல்லூரியில் சில மாதங்களில் முடித்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்பது பொய்யில்லை, நல்ல தனியார் கல்லூரிகளில் இருந்து வந்த திறமான பிள்ளைகள் எங்கள் கிளினிக்கிலேயே இருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தெரிவு செய்யட்டும் என்பதுதான் என் விருப்பம். வேலை போனவர்களுக்குப் படிப்புச் செலவில் உதவும் பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ திட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க முதலில் வேலைவாய்ப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். கல்லூரியில் சேர்ந்து பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு போய்க் கேட்கிறவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

மாணவர் விசாவில் யாழ்ப்பாணத்தில் இருந்தும் சென்னையில் இருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வரி. ஒன்ராறியோவின் தனியார் தொழிற்கல்லூரியில் படித்து முடித்தால் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடையாது. முகவர் வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதீர்கள்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன்.

இந்தப் படிப்பின் உயிர் கடைசியில் வருகிற கிளினிக் பயிற்சிதான். அது உங்கள் இடத்தில் நடக்கிறது, உங்கள் கையெழுத்தோடு முடிகிறது. நல்ல கல்லூரி பயிற்சியிடத்தைத் தானே ஒழுங்கு செய்யும், ஒருங்கிணைப்பாளர் வந்து பார்ப்பார், நடுவில் தொலைபேசி எடுத்து எப்படி என்று கேட்பார், காப்புறுதிப் படிவம் சரியாக வரும். மற்றக் கல்லூரி, ‘நீங்களே ஒரு டொக்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று மாணவரை வீதியில் விட்டுவிடும். அப்படி வருகிறவர் கையில் ஒரு தாளோடு கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரக்கப்பட்டு, ‘சரி, இரு’ என்று சொல்லிவிடுகிறோம். அந்த இரக்கத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் ஒழுங்கு செய்ய வேண்டிய வேலையைச் செய்யாத கல்லூரிக்குத்தான் அது உதவுகிறது, அடுத்த தொகுதியிலும் அவர்கள் அதையே செய்வார்கள்.

வந்த பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்? பழைய கோப்புகளை ஸ்கான் பண்ணக் கொடுக்கிறோம், தேவையில்லாத தாள்களை அரைக்கக் கொடுக்கிறோம். பயிற்சி முடிகிற அன்று மணிக்கணக்கைப் பார்க்காமல் கையெழுத்து. சம்பளமில்லாத இந்தப் பயிற்சி அங்கீகாரம் பெற்ற பாடநெறியின் பகுதியாக இருக்கும்வரை சட்டப்படி சரி. ஆனால் பயிற்சி முடிந்த பிறகும் ‘இன்னும் கொஞ்ச நாள் வந்து பழகு’ என்று சம்பளமில்லாமல் வைத்திருப்பது சரியில்லை, அது நடக்கிற இடங்கள் இருக்கின்றன. எங்கள் ஆட்கள்தானே என்று அந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. டொக்டர், உங்கள் கிளினிக்கில் இது நடந்தால் உங்களுக்குத் தெரியாமலும் நடக்கலாம், ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். அனுமதி பெற்ற பாடநெறியில் இருந்து, ஒருங்கிணைப்பாளர் ஒழுங்கு செய்து அனுப்புகிற மாணவரை மட்டும் எடுங்கள். எடுத்தவரைத் தொலைபேசியில் இருத்துங்கள், பக்கத்தில் ஒருவர் இருந்து கேட்கட்டும். நேரப்பதிவு, பரிந்துரைக் கடிதம், திரும்பி வந்த பில், தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றிலும் அவருடைய கை படட்டும். முடிவில் கல்லூரிக்கு நாலு வரி எழுதுங்கள், இந்தப் பிள்ளைக்கு இது தெரிந்திருந்தது, இது தெரியவில்லை என்று. உங்கள் வாயில் இருந்து வருகிற நாலு வரிக்குக் கல்லூரி பயப்படும், ஏனென்றால் நீங்கள் இடம் கொடுக்காவிட்டால் அவர்களுக்குப் பாடநெறியே இல்லை.

கல்லூரி விளம்பரத்துக்கு உங்கள் படத்தையும் பெயரையும் கேட்டு வருவார்கள். அங்கே ஒரு வகுப்பில் போய் இருந்து பார்க்காமல் கொடுக்காதீர்கள். எங்கள் சனம் ‘டொக்டரே சொல்லிவிட்டார்’ என்று அதை நம்பிப் பணம் கட்டும்.

சம்பளத்தையும் பேச வேண்டும். ஒன்ராறியோவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஒக்டோபரில் இருந்து மணிக்கு 17.60 டொலர். அதற்குச் சற்று மேலே சம்பளம் கொடுத்துக்கொண்டு, டிப்ளோமா கட்டாயம் என்று விளம்பரம் போடுகிறோம். 10,000 டொலர் கட்டணத்தை அந்தக் குறைந்தபட்ச ஊதியத்தில் உழைக்க ஏறத்தாழ 570 மணி நேரம் வேண்டும், வரிப்பணம் பிடிப்பதற்கு முன் கணக்கு இது. டிப்ளோமா உங்களுக்கு உண்மையிலேயே தேவையென்றால் அதற்கான சம்பளத்தைக் கொடுங்கள். தேவையில்லை, நல்ல தமிழும் ஆங்கிலமும் பொறுமையும் உள்ள ஆளை நாங்களே பழக்கிக்கொள்வோம் என்றால் அதை விளம்பரத்தில் எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்து யாரோ ஒரு தாய் தேவையில்லாத கடனை எடுக்காமல் இருப்பாள்.

கடைசியாக, படிக்க யோசிக்கிறவர்கள் கல்லூரிக்குப் போகும் முன் உங்கள் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கலாம் என்று வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்த மென்பொருள் பாவிக்கிறீர்கள், புதிதாக வருகிறவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், எந்தக் கல்லூரிகளில் இருந்து வந்தவர்களைப் பயிற்சிக்கும் வேலைக்கும் எடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லப் பத்து நிமிடம் போதும். மதியம் கதவு பூட்டியிருக்கிற நேரத்தில் உங்கள் அலுவலகத்தில் இருப்பவரே சொல்லலாம். எங்கள் கிளினிக்கில் டொக்டர் சம்மதித்துவிட்டார், தாள் ஒட்டியாயிற்று. நீங்களும் ஒட்டினால், கேட்டு வருகிறவர்களை ஒரு கிளினிக்கோடு நிறுத்தாமல் மூன்று நாலு இடங்களுக்கு அனுப்ப எனக்கு வசதியாக இருக்கும். செப்டெம்பர் வகுப்புகளுக்கு ஆள் சேர்ப்பது கோடையிலேயே தொடங்கிவிடும், அதற்கு முன் செய்தால் இந்த வருடமே பயன்படும்.

அன்புடன்,
ஸ்காபரோவில் ஒரு குடும்ப மருத்துவர் கிளினிக்கின் அலுவலகப் பொறுப்பாளர்